செவிலியர் பணிக்கான நேர்காணல்: விண்ணப்பதாரர்கள் அறிய வேண்டியவை

தமிழ்நாட்டில் அரசுச் செவிலியர் பணியிடங்கள் ஒரே வழியில் நிரப்பப்படுவதில்லை. 2012-ஆம் ஆண்டு ஏற்படுத்தப்பட்ட மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் எழுத்துத் தேர்வு நடத்தித் தெரிவு செய்கிறது. தேசிய நலவாழ்வுக் குழுமத்தின் கீழ் மாவட்ட நலவாழ்வுச் சங்கங்கள் ஒப்பந்த அடிப்படையில் நிரப்பும் பணியிடங்களுக்கு விண்ணப்பம் பெற்று, சான்றிதழ்களைச் சரிபார்த்து, நேர்காணல் நடத்துவது வழக்கம். இக்கட்டுரை இரண்டாவது வகையினருக்காக எழுதப்பட்டது. தனியார் மருத்துவமனைகளுக்குச் செல்வோருக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

நேர்காணலுக்கு ஆயத்தமாவோர் முதலில் தாம் அமரப்போகும் இருக்கையை விட்டுவிட்டு, எதிரில் அமர்ந்திருப்போரின் கவலையை எண்ணிப் பார்க்க வேண்டும். 24 மணி நேரமும் இயங்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களில் செவிலியர் மூவர் முறைவைத்துப் பணிபுரியும் ஏற்பாடு உள்ளது. அதன் பொருள், இரவு இரண்டு மணிக்குப் பிரசவ வலியோடு ஒரு பெண் வந்திறங்கும்போது அங்கே பெரும்பாலும் ஒரே ஒரு செவிலியர்தான் இருப்பார் என்பதாகும். மருத்துவர் வந்து சேரும் வரை, அல்லது 108 ஊர்தி வந்து நிற்கும் வரை, தாயும் சேயும் அவர் கையில் இருப்பர். தேர்வுக் குழுவில் அமரும் மருத்துவ அலுவலர்களின் மனத்தில் ஓடும் கேள்வி ஒன்றே: இவரை அந்த இரவில் தனியே விட்டுவிட்டு நான் நிம்மதியாக இருக்க முடியுமா?

சான்றிதழ்கள்

பத்தாம் வகுப்பு, மேல்நிலை வகுப்பு, செவிலியர் பட்டயம் அல்லது பட்டப் படிப்பின் மதிப்பெண் சான்றிதழ்கள், சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்று, அனுபவச் சான்று ஆகியவற்றின் மூலமும் நகலும் தேவை. இவற்றுள் முதன்மையானது தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தின் பதிவுச் சான்றிதழ் ஆகும். 1926-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இக்குழுமத்தில் பதிவு செய்யாதவர் எத்துணை மதிப்பெண் பெற்றிருப்பினும் பணியில் சேர இயலாது. வேறு மாநிலத்தில் படித்துப் பதிவு செய்தவர்கள் இங்குப் பதிவு பெறுவதற்கான பணியை நேர்காணல் அறிவிப்புக்குக் காத்திராமல் முன்கூட்டியே தொடங்க வேண்டும். பதிவு புதுப்பிக்கப்பட்டுள்ளதா என்பதையும் பார்த்துக்கொள்ளவும்.

அடிக்கடி காணும் இடர் ஒன்று உண்டு. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் தந்தையின் தலைப்பெழுத்தும், ஆதார் அட்டையில் கணவரின் பெயரும், பதிவுச் சான்றிதழில் வேறோர் எழுத்துக்கூட்டலும் இருக்கும். சரிபார்ப்பு மேசையில் இதற்காகக் கண்கலங்கி நின்ற பெண்கள் பலரைக் கண்டிருக்கிறேன். திருமணத்திற்குப் பின் பெயரையோ தலைப்பெழுத்தையோ மாற்றியவர்கள் அதற்குரிய ஆவணத்தையும் உடன் கொண்டுவர வேண்டும்.

ஒப்பந்தப் பணி அறிவிப்புகளில், பணி முற்றிலும் தற்காலிகமானது, எக்காலத்தும் நிரந்தரம் செய்யப்படமாட்டாது என்னும் வாசகம் இடம்பெறும். ஒப்பந்தக் காலம் பெரும்பாலும் 11 மாதங்கள். இதனை ஏற்பதாக எழுத்துவழி ஒப்புதலும் கேட்கப்படும். கையெழுத்திடும் முன் வீட்டாருடன் கலந்து முடிவெடுத்துவிட்டு வருவது நல்லது. நேர்காணல் அறையில் நிரந்தரம் பற்றிக் கேட்பதால் குழுவினரால் எந்த உறுதியும் தர இயலாது.

பிரசவ அறை பற்றிய கேள்விகள்

ஆரம்ப சுகாதார நிலையப் பணிக்கான நேர்காணலில் கேள்விகள் பெரும்பாலும் பிரசவ அறையிலிருந்தே தொடங்கும். பிரசவ அறையில் இருக்க வேண்டிய ஏழு தட்டுகள் எவை என்பது பழகிய கேள்வி. ஏழின் பெயர்களையும் ஒப்பிப்பவர் பலர். குழந்தைத் தட்டில் என்னென்ன இருக்க வேண்டும் என்று அடுத்துக் கேட்டால் தயங்குவோரும் பலர். வெதுவெதுப்பாக்கிய துணிகள் இரண்டு, சளி உறிஞ்சி, கொப்பூழ்க் கொடிக் கவ்வி, ஆம்பு பையும் முகமூடியும் என ஒவ்வொன்றையும், அது எதற்கு என்பதோடு சேர்த்து நினைவில் வைத்தால் மறக்காது. முதல் துணி குழந்தையைத் துடைப்பதற்கு. நனைந்த அதனை அகற்றிவிட்டு மூடுவதற்கு இரண்டாவது. பிறந்தவுடன் அழாத குழந்தைக்கு முதல் ஒரு நிமிடத்திற்குள் செயற்கைச் சுவாசம் தொடங்க வேண்டும் என்பதால்தான் அத்தட்டு முன்னரே ஆயத்தமாக இருக்க வேண்டியுள்ளது.

மகப்பேற்றுக்குப் பிந்தைய இரத்தப்போக்கு குறித்த கேள்வி தவறாமல் வரும். 500 மி.லி.க்கு மேல் என்னும் பாடநூல் வரையறையைச் சொல்லி நிறுத்திவிடுவது போதாது. கண்ணால் மதிப்பிடும்போது இழந்த இரத்தம் உண்மையளவைவிடக் குறைவாகவே தோன்றும் என்பதையும், இரத்தசோகை உள்ள தாய்க்கு அதைவிடக் குறைந்த இழப்பே ஆபத்தாகலாம் என்பதையும் சேர்த்துச் சொல்பவர் பிரசவ அறையில் நின்றவர் என்று குழு அறிந்துகொள்ளும். பின்னர் வரிசை: உதவிக்குக் குரல் கொடுத்தல், கருப்பையைத் தடவி இறுகச் செய்தல், பெரிய துளையுள்ள ஊசிகளால் இரு சிரைவழிகள் ஏற்படுத்துதல், ஆக்சிடாசின், சிறுநீர்ப்பையைக் காலி செய்தல், நஞ்சுக்கொடி முழுமையாக வந்துள்ளதா எனவும் கிழிசல் உள்ளதா எனவும் பார்த்தல், 108-ஐ அழைத்தல். தனியாக இருக்கும்போது முதலில் எதைச் செய்வீர்கள் என்று குழுவினர் இடைமறிக்கலாம். குரல் கொடுப்பதும் கருப்பையில் கை வைப்பதும் ஒரே நேரத்தில் இயலும் என்பதே விடை.

பேறுகால வலிப்புக்கான மெக்னீசியம் சல்பேட் மற்றொன்று. மேல்மருத்துவமனைக்கு அனுப்பும் முன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் முதல் அளவு, இரு புட்டங்களிலும் ஆழமான தசையூசியாக 5 கிராம் வீதம் மொத்தம் 10 கிராம். 50 விழுக்காட்டுக் கரைசலில் 2 மி.லி. குப்பி ஒன்றில் 1 கிராம் மருந்து உள்ளது. ஆகவே பத்துக் குப்பிகள் தேவை. இந்தக் கணக்கில் தடுமாறுவோரே மிகுதி. அடுத்த அளவைத் தரும் முன் பார்க்க வேண்டியவை மூன்று: முழங்கால் அனிச்சைச் செயல் இருத்தல், மூச்சு நிமிடத்திற்கு 16-க்குக் குறையாதிருத்தல், சிறுநீர் மணிக்கு 30 மி.லி.க்குக் குறையாதிருத்தல். மாற்று மருந்து 10 விழுக்காடு கால்சியம் குளுக்கோனேட், 10 மி.லி., சிரைவழியே மெதுவாக. மாற்று மருந்தின் பெயரைச் சொன்னவரிடம், அது உங்கள் நிலையத்தில் எங்கே வைக்கப்பட்டிருக்கும் என்று நான் கேட்பதுண்டு. பெயரை அறிந்தும் இருப்பிடத்தை அறியாதவர் அலமாரியைத் தேடும் நேரத்தில் மூச்சு நின்றுவிடும்.

கணக்கும் அன்றாடச் செயல்களும்

சொட்டுக் கணக்கைத் தாளும் எழுதுகோலும் கொடுத்துக் கேட்பார்கள். 500 மி.லி. கரைசல் 4 மணி நேரத்தில் செல்ல வேண்டும். குழாயில் ஒரு மி.லி.க்கு 20 சொட்டு. 500-ஐ 20-ஆல் பெருக்கி 240 நிமிடங்களால் வகுத்தால் நிமிடத்திற்குச் சுமார் 42 சொட்டு. ஒரு மி.லி.க்கு 60 சொட்டு விழும் நுண்சொட்டுக் குழாயாயின் அதுவே 125. வீட்டில் நாளுக்கு ஐந்து கணக்குகள் வீதம் ஒரு வாரம் போட்டுப் பார்த்தால் இந்த அச்சம் நீங்கிவிடும்.

ஒவ்வாமை அதிர்ச்சிக்கு அட்ரினலின் (1:1000) பெரியவர்களுக்கு 0.5 மி.லி., தொடையின் வெளிப்புற நடுப்பகுதியில் தசையூசியாக. உயிர்காப்பு அழுத்தம் நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை, 30 அழுத்தத்திற்கு 2 மூச்சு. தடுப்பூசிகளின் குளிர்பதன வெப்பநிலை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ். பிறந்த குழந்தைக்குப் பி.சி.ஜி., சுழிய அளவு போலியோ சொட்டு மருந்து, 24 மணி நேரத்திற்குள் கல்லீரல் அழற்சி பி தடுப்பூசி. இவை படித்தாலே நிற்பவை.

மருத்துவக் கழிவுகளைப் பிரித்தல் குறித்து 2016-ஆம் ஆண்டு விதிகளின் நிறங்களை அனைவரும் மனப்பாடமாகச் சொல்கின்றனர். பயன்படுத்திய கையுறையைக் காட்டி எதில் போடுவீர்கள் என்றால் பாதிப் பேர் மஞ்சள் என்கின்றனர். கையுறையும் சிரைவழிக் குழாயும் சிவப்பு. இரத்தம் தோய்ந்த பஞ்சும் நஞ்சுக்கொடியும் மஞ்சள். ஊசி முனைகள் துளைபடாத வெள்ளைக் கொள்கலன். மருந்துக் கண்ணாடிக் குப்பிகள் நீலம். கையில் ஊசி குத்திவிட்டால் அழுத்திப் பிழியாமல் சோப்பும் நீரும் கொண்டு கழுவி, உடனே தெரிவித்து, எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவையெனில் இயன்றவரை 2 மணி நேரத்திற்குள் தொடங்க வேண்டும். 72 மணி நேரத்திற்குப் பின் தொடங்குவதால் பயனில்லை. இக்கேள்வி மதிப்பெண்ணுக்காக மட்டும் கேட்கப்படுவதன்று. விடை உங்களுக்கே தேவைப்படும் நாள் வரலாம்.

அரசுத் திட்டங்களில் மக்களைத் தேடி மருத்துவம், இன்னுயிர் காப்போம், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் ஆகியவற்றைப் பயனாளிக்கு விளக்கும் அளவுக்கு அறிந்திருந்தால் போதும். தொடங்கிய நாள், நேரம் முதலியவற்றை ஒப்பிப்பதில் பொழுதைச் செலவிட வேண்டியதில்லை என்பது என் கருத்து.

விடை தெரியாதபோதும் தவறு நேர்ந்தபோதும்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நேர்காணலில், நீங்கள் மருந்தை மாற்றிக் கொடுத்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்று விண்ணப்பதாரர்களைக் கேட்டோம். என்னிடம் அப்படி நேராது என்றார் ஒருவர். மதிப்பெண் பட்டியலில் அவர் மேலே இருந்தவர். அடுத்து வந்தவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பயிற்சிக் காலத்தில் அடுத்தடுத்த கட்டில்களில் ஒரே பெயருடைய இருவர் இருந்ததாகவும், ஒருவருக்குரிய நுண்ணுயிர் எதிர்ப்பு ஊசியை மற்றவருக்குப் போட்டுவிட்டதாகவும் கூறினார். உடனே மூத்த செவிலியரிடம் சொன்னார். மருத்துவர் வந்து பார்த்தார். இரண்டு மணி நேரம் நோயாளியின் அருகிலேயே இருந்து நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் குறித்தார். நேர்ந்ததை நேர்ந்தபடியே பதிவேட்டில் எழுதினார். அன்று முதல் பெயரோடு உள்நோயாளி எண்ணையும் படித்துப் பார்க்காமல் ஊசியைத் தொடுவதில்லை என்றார். குரல் நடுங்கியது. குழுவில் இருந்த செவிலியர் கண்காணிப்பாளர் முதன்முறையாகத் தலை நிமிர்ந்து அவரைப் பார்த்தார். வாய்மொழித் தேர்வில் எங்கள் மூவரிடமும் அன்று உயர்ந்த மதிப்பெண் பெற்றவர் அவரே. தவறு செய்யாத செவிலியரை நான் இதுவரை கண்டதில்லை, மருத்துவரையும் கண்டதில்லை. மறைப்பவரால்தான் நோயாளி இறக்கிறார்.

விடை தெரியாவிடில் தெரியாது என்று சொல்லலாம். அதனோடு, அச்சூழலில் யாரைக் கேட்பேன், எந்தக் கையேட்டைப் பார்ப்பேன் என்பதையும் சேர்த்துச் சொன்னால் அது முழுமையான விடையாகவே கொள்ளப்படும். மருந்தின் அளவை ஊகித்துச் சொல்வதுதான் மிகுந்த கேடு. ஊகித்துச் சொல்பவர் ஊகித்துப் போடவும் கூடும்.

ஆங்கிலம் வராதே என்று அஞ்சுவோருக்கு: தமிழில் விடை கூறலாம். மருந்துப் பெயர்களையும் கருவிப் பெயர்களையும் வழக்கில் உள்ளபடியே சொல்லுங்கள். நாளை நீங்கள் பேசப்போவது கிராமத்துத் தாயிடம். மருந்தை எப்படிச் சாப்பிட வேண்டும் என்று அவருக்குப் புரியும்படி தமிழில் சொல்லிக் காட்டுமாறு குழுவே கேட்பதும் உண்டு. மது அருந்திய உறவினர் கூச்சலிட்டால் என்ன செய்வீர்கள் என்பது போன்ற கேள்விகளுக்கு வீரம் காட்டும் விடை தேவையில்லை. உடன் பணிபுரிபவரை அழைத்தல், நோயாளியை விட்டு அகலாதிருத்தல், மருத்துவ அலுவலருக்கும் தேவையெனில் காவல் நிலையத்திற்கும் தெரிவித்தல் என்று சொன்னால் போதும்.

உடை எளிமையாகவும் தூய்மையாகவும் இருக்கட்டும். நகங்கள் வெட்டப்பட்டிருக்கட்டும், கை கழுவும் முறையைச் செய்து காட்டச் சொல்லும்போது அவை கண்ணில் படும்.

பணம் கேட்போர்

பணியிடம் வாங்கித் தருவதாக எவர் பணம் கேட்டாலும் அது மோசடியே. அவ்வாறு அணுகப்பட்டால் காவல் துறையிடம் புகார் அளிக்கவும். தனியார் நிறுவனங்கள் மூலச் சான்றிதழ்களைத் தம்மிடம் வைத்துக்கொள்ள வேண்டுமெனக் கேட்டால் இணங்க வேண்டாம். நகல் கொடுத்து மூலத்தைக் காட்டினால் போதும். ஊதியம், இரவுப் பணி முறை, விடுப்பு ஆகியவற்றை எழுத்து வடிவில் கேட்டுப் பெறவும். வெளிநாட்டுப் பணிக்கு முகவர்களை நாடுவதற்கு முன் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தின் அறிவிப்புகளைப் பார்க்கவும்.

பணியில் சேரும் முன்

தெரிவு செய்யப்பட்டவர்கள் கல்லீரல் அழற்சி பி தடுப்பூசி முழுமையாகப் போட்டுக்கொண்டுள்ளனரா என உறுதி செய்துகொள்ள வேண்டும். போடாதவர்கள் ஆணை கைக்கு வரும்வரை காத்திராமல் முதல் ஊசியை இப்போதே போட்டுக்கொள்ளலாம். இரண்டாவது ஒரு மாதத்திலும் மூன்றாவது ஆறாவது மாதத்திலும் போடப்படும். மூன்றாவது ஊசிக்குப் பின் ஒன்று முதல் இரண்டு மாதங்களில் எதிர்ப்பாற்றல் அளவை இரத்தப் பரிசோதனையால் அறிந்து, அந்த முடிவைப் பத்திரப்படுத்தி வைக்கவும்.