பிள்ளைகளுக்காக ஏற்றிய மெழுகுவர்த்தி

கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தில் ஆலயங்களில் ஏற்றப்படும் நான்கு மெழுகுவர்த்தி வளையத்தைத் தொன்றுதொட்டு வரும் வழக்கம் என்றே பலரும் நினைக்கிறோம். அதற்கு 200 வயதுகூட ஆகவில்லை. திருவருகைக் காலம் பழையது; அதன் பழைய முகம் வேறு. 5-ஆம் நூற்றாண்டில் தூர் நகர ஆயர் பெர்பெத்துவஸ், புனித மார்ட்டின் திருநாளான நவம்பர் 11 தொடங்கி கிறிஸ்துமஸ் வரை வாரத்துக்கு மூன்று நாள் நோன்பு என்று விதித்தார். பின்னர் ரோமை வழிபாட்டில் அந்தக் காலம் நான்கு ஞாயிறுகளாக நிலைபெற்றது. ஆனாலும் ஊதா உடையும் நியாயத்தீர்ப்பைப் பற்றிய வாசகங்களும் தொடர்ந்தன. வரப்போகிறவர் மாட்டுத்தொழுவத்துக் குழந்தை மட்டுமல்லர், உலகுக்குத் தீர்ப்பு வழங்கவும் வருகிறவர். எனவே அந்தக் காத்திருப்பில் நம்பிக்கையோடு அச்சமும் கலந்திருந்தது. நம்பிக்கை கண்ணுக்குத் தெரியும் வடிவம் பெற்றது ஏழைப் பிள்ளைகளிடையேதான் என்பது என் கருத்து.

யோகான் ஹின்ரிக் விகெர்ன் என்ற லூத்தரன் இறையியலாளர் 1833-இல் ஹாம்பர்க்கை அடுத்த ஹோர்னில், திக்கற்ற பிள்ளைகளுக்காக 'ரௌஹெஸ் ஹவுஸ்' என்ற இல்லத்தைத் தொடங்கினார். சீர்திருத்தம் என்றாலே சிறைபோல் அடைத்துவைப்பது என்றிருந்த காலத்தில், அவர் மதில் எழுப்பாமல், பிள்ளைகளைச் சிறு சிறு குடும்பங்களாக வாழவைத்தார். கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று அவர்கள் ஓயாமல் கேட்டதாகச் சொல்வார்கள். 1839-இல் ஒரு பெரிய மர வளையத்தில் ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளை மெழுகுவர்த்திகளும் மற்ற நாள்களுக்குச் சிறிய சிவப்பு மெழுகுவர்த்திகளும் பொருத்தி, வழிபாட்டுக் கூடத்தில் தொங்கவிட்டார். நாளுக்கொன்றாக ஏற்ற ஏற்றக் கூடம் வெளிச்சமாகிக்கொண்டே வந்தது. எண்ணத் தெரியாத பிள்ளைக்கும் நாள் நெருங்குவது புரிந்திருக்கும். நாளை என்ன நடக்கும் என்றே தெரியாமல் தெருவில் வளர்ந்தவனுக்கு, சொன்ன நாளில் சொன்னது நடக்கும் என்பதே பெரிய செய்தி. பசுந்தழை பின்னர்தான் சேர்ந்தது. வீடுகளுக்குப் பரவியபோது மெழுகுவர்த்திகள் நான்காகச் சுருங்கின. கத்தோலிக்க ஆலயங்கள் இதை ஏற்றது 20-ஆம் நூற்றாண்டில்.

இது கிறிஸ்தவத்துக்கு முந்தைய ஜெர்மானியச் சூரியச் சக்கரம் என்று வாதிடுவோர் உண்டு. குளிர்காலத்தில் பசுந்தழை கட்டுவது பழைய வழக்கம்தான். ஆனால் திருவருகை நாள்களை எண்ணும் இந்த வளையம் விகெர்னுக்கு முன்பே இருந்ததற்குத் தக்க சான்று இல்லை. இன்னொரு மறுப்பு வலுவானது: திருவருகை பிள்ளைகளுக்கென்று மாறியதும் தவம் போய் பண்டம் வந்துவிட்டது என்பது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மியூனிக்கில் திருவருகை நாள்காட்டி அச்சிட்ட கெர்ஹார்ட் லாங்குக்கு அந்த எண்ணத்தைத் தந்தது, சிறுவயதில் தாய் அட்டையில் பொருத்திக்கொடுத்த தின்பண்டங்கள்தான். இன்று தினம் ஒரு கதவைத் திறந்து சாக்லேட் எடுக்கும் நாள்காட்டிகள் கடைகளில் குவிகின்றன. அன்றன்றைக்கே பரிசு கிடைத்துவிட்டால் காத்திருக்க என்ன இருக்கிறது? இந்தக் குறையை நான் மறுக்கவில்லை. ஆனால் அது நாள்காட்டிக்குப் பொருந்தும், விகெர்னின் வளையத்துக்குப் பொருந்தாது. அந்த மெழுகுவர்த்தி பிள்ளைகள் கையில் எதையும் கொடுக்கவில்லை. இன்னும் எத்தனை நாள் என்பதை மட்டுமே காட்டியது. முதல் ஞாயிறன்று மெழுகுவர்த்தி ஏற்றும் ஆலயங்கள், அது முதலில் யாருக்காக ஏற்றப்பட்டது என்பதையும் மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும்.