கடல் கடந்த மடல்கள்

வளைகுடா நாட்டிலிருக்கும் மகனின் முகத்தைக் கைபேசியில் கண்டு பேசும் தாய்மாரை நம் கடற்கரை ஊர்களில் நாள்தோறும் காண்கிறோம். ஏறத்தாழ 480 ஆண்டுகளுக்கு முன் இதே கரையில் நடந்த அயல்நாட்டார் ஒருவருக்கு இவ்வாய்ப்பு இல்லை. அவர்தாம் புனித பிரான்சிஸ் சவேரியார்.

1541 ஏப்ரல் 7-இல் லிஸ்பனிலிருந்து புறப்பட்ட அவர் கோவாவை அடைந்தது 1542 மே 6-இல். திருவிதாங்கூர்க் கரையில் ஒரே மாதத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் திருமுழுக்கு அளித்த செய்தியை, 1545 சனவரி 27-இல் கொச்சியிலிருந்து உரோமைத் தோழருக்கு எழுதினார். போர்த்துக்கல் செல்லும் கப்பல்களோ பருவக்காற்றை நம்பி ஆண்டுக்கு ஒருமுறையே புறப்பட்டன. கப்பல் மூழ்கினால் மடலும் மூழ்கும் என்பதால், இயேசு சபையார் ஒரே மடலைப் படியெடுத்து வெவ்வேறு கப்பல்களில் அனுப்புவது வழக்கம்.

அரிதாய் வந்த மடல்களைச் சவேரியார் எவ்வாறு போற்றினார்? தோழர்கள் தம் கைப்பட எழுதிய பெயர்களை அம்மடல்களிலிருந்து வெட்டியெடுத்துத் தம்மோடு சுமந்து திரிவதாக, 1546-இல் அம்போய்னா தீவிலிருந்து அவரே எழுதுகிறார்.

ஐரோப்பாவுக்குத் திரும்புமாறு புனித இஞ்ஞாசியார் அவருக்கு எழுதியது 1553 சூன் 28-இல். சவேரியாரோ 1552 டிசம்பர் 3-ஆம் நாளே சீனக் கரையோரச் சான்சியன் தீவில் இறைவனடி சேர்ந்திருந்தார். அழைப்பு எழுதப்பட்டபோதே அதைப் பெறுவதற்கு அவர் இல்லை.

சென்று சேருமோ என்ற ஐயத்தோடு எழுதியவர்கள் நெஞ்சை முழுதாகத் திறந்து எழுதினர். நொடியில் பேசும் பேறு பெற்ற நாம், தொலைவிலிருக்கும் நம் பிள்ளைகள் வெட்டியெடுத்துச் சுமக்கத்தக்க ஒரு சொல்லையேனும் அனுப்புகிறோமா?