நிலவு மண்ணுக்கு ஒரு மின்காந்தக் கவண்

விண்வெளிக்குச் சரக்கு அனுப்புவதில் ராக்கெட்டுக்குள்ள பெருங்குறை, எரிபொருள் முழுவதையும் அதுவே சுமந்தபடி மேலெழ வேண்டியிருப்பதாகும். அந்த எரிபொருளைத் தூக்க மேலும் எரிபொருள் தேவைப்படுவதால், புறப்படும்போது ராக்கெட்டுக்குள்ள எடையில் சரக்கின் பங்கு சில விழுக்காடே. உந்தும் பொறியைத் தரையிலேயே நிறுத்திவிட்டுச் சரக்கை மட்டும் எறிய முடியுமா என்ற கேள்விக்கு விடையாக முன்வைக்கப்பட்டதே மின்காந்தக் கவண்.

இதன் அடிப்படை முதலில் போர்க்கருவியாகவே முயலப்பட்டது. நார்வே இயற்பியலாளர் கிறிஸ்டியன் பிர்க்லாந்து, வரிசையாக அமைத்த கம்பிச்சுருள்களின் காந்த ஈர்ப்பால் இரும்புக் குண்டைச் செலுத்தும் பீரங்கிக்கு 1901-இல் காப்புரிமை கோரினார். 1903 மார்ச் 6 அன்று, இன்றைய ஓஸ்லோவான கிறிஸ்டியானியாவின் பல்கலைக்கழக அரங்கில் அதை இயக்கிக் காட்டியபோது குறுக்குச்சுற்று ஏற்பட்டு, பேரொலியோடு மின்பிழம்பு பாய, அவையோர் கலங்கினர். பீரங்கி கைவிடப்பட்டது, எனினும் மின்பிழம்பின் வெப்பத்தால் காற்றிலுள்ள நைட்ரஜனை உரமாக்கும் முறையை அவர் சாம் ஐடேயுடன் சேர்ந்து விரைவிலேயே உருவாக்கினார்.

இக்கவணுக்கு உரிய இடம் நிலவே என்பதை 1950-இல் எழுதிய ஒரு கட்டுரையில் விளக்கியவர், பின்னாளில் இலங்கையில் குடியேறிய ஆர்தர் சி. கிளார்க். புவியின் ஈர்ப்பிலிருந்து விடுபட நொடிக்கு 11.2 கிலோமீட்டர் வேகம் வேண்டும். அந்த வேகத்தில் தரைமட்டக் காற்றைக் கிழித்துச் செல்லும் பொருள் கடும் வெப்பத்தைத் தாங்கியாக வேண்டும். நிலவிலோ தடுக்கும் காற்று இல்லை; 2.4 கிலோமீட்டர் வேகமே போதும்.

இக்கருத்துக்குப் பொறியியல் வடிவம் கொடுத்தவர் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஜெரார்டு ஓ'நீல். துகள்களைக் காந்தப்புலத்தால் செலுத்தும் ஆய்வில் தேர்ந்த அவர், விண்வெளிக் குடியிருப்புகளைப் பற்றி 1974-இல் எழுதிய கட்டுரையில், அவற்றைக் கட்டத் தேவையான பெருமளவுப் பொருளை நிலவிலிருந்தே பெறலாம் என்றார். ஆக்ஸிஜன், சிலிக்கான், அலுமினியம் ஆகியவை அங்குள்ள மண்ணிலேயே அடங்கியிருக்கின்றன. அவர் வகுத்த அமைப்பில் மண்ணை ஏந்தும் வாளியில் ஒரு மீகடத்திச் சுருள், அதாவது மின்தடையின்றி மின்னோட்டத்தைத் தாங்கும் சுருள், இருக்கும். வாளி காந்த விலக்கத்தால் பாதையைத் தொடாமல் மிதந்தபடி விரைய, அதன் இருப்பிடத்தை உணரும் கருவி, மின்தேக்கிகளில் சேர்த்துவைத்த மின்சாரத்தை அடுத்தடுத்த சுருளில் உரிய கணத்தில் பாய்ச்சும். பாதையின் முடிவில் வாளி வேகம் தணிந்து திரும்ப, மண்பொதி மட்டும் நேரே பறந்துவிடும். வாளி மீண்டும் நிரப்பப்படும். தூக்கியெறியப்படும் பாகம் எதுவுமில்லாத இந்தச் சுழற்சியே அமைப்பின் தனிச்சிறப்பு.

1976–77-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஹென்றி கோல்முடனும் மாணவர்களுடனும் சேர்ந்து அவர் உருவாக்கிய முதல் மாதிரி, புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் 30 மடங்குக்கும் மேற்பட்ட முடுக்கத்தை எட்டியது. பின்னர் வந்த மாதிரி எட்டியதோ 1,800 மடங்கு. மனித உடல் தாங்காத முடுக்கம் இது. ஆனால் மண்ணுக்குத் தீங்கில்லை. இந்த முடுக்கத்தில் சுமார் 160 மீட்டர் பாதையிலேயே நிலவை விட்டகலும் வேகம் கிட்டும் என்ற கணக்கு, கிலோமீட்டர் கணக்கில் நீளம் வேண்டும் என்ற தொடக்க எதிர்பார்ப்பை மாற்றியது.

முயற்சி நின்றதற்கு இயற்பியல் காரணமன்று. செனட்டர் வில்லியம் பிராக்ஸ்மயர் விண்வெளிக் குடியிருப்புத் திட்டத்தை வெளிப்படையாக எதிர்த்தார். அரசு நிதியை நம்ப முடியாத நிலையில், 1977-இல் தாம் நிறுவிய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் வழியாக ஓ'நீல் தனியார் நன்கொடைகளைத் திரட்டிப் பணியைத் தொடர்ந்தார். ஆயினும் எறியப்படும் மண்ணை விண்ணில் வாங்கிப் பயன்படுத்த ஆலையோ குடியிருப்போ இல்லாதவரை, கவணுக்கு மட்டும் செலவிட எவரும் முன்வராதது இயல்பே. 1992-இல் அவர் மறைந்தார். ஆயினும் அதே அடிப்படை புவியில் பயன்பாட்டுக்கு வந்துவிட்டது: 2017-இல் பணியில் சேர்க்கப்பட்ட அமெரிக்காவின் ஜெரால்டு ஆர். ஃபோர்டு கப்பலில் மின்காந்த விசையே விமானங்களை வானேற்றுகிறது. நிலவில் அத்தகைய பொறியை நிறுவ முனைவோர், ஏறத்தாழ 14 புவிநாள் நீளும் இரவில் சூரிய ஒளியின்றி அதற்கு மின்சாரம் தரும் வழியை முதலில் கண்டாக வேண்டும்.