கவிழ்ந்தாலும் மூழ்காத ஃபைபர் படகு: எப்படி இருக்கணும்?

கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம். 2019 நவம்பரில் செங்கல்பட்டு மாவட்டம் தனியாகப் பிரியும் வரை இவை காஞ்சிபுரம் மாவட்டத்தின் கடலோர ஊர்கள். இந்தக் கரையில் பல மீனவ குப்பங்களுக்குத் துறைமுகம் கிடையாது. மணலில் இருந்து படகைத் தள்ளி, உடையும் அலையைத் தாண்டித்தான் தொழிலுக்குப் போகணும். திரும்பும்போதும் அதே வழிதான். படகு பக்கவாட்டில் திரும்பி அலையை வாங்கினால் கவிழும் அபாயம் அதிகம்.

கட்டுமரம் ஏன் மூழ்காது?

கட்டுமரத்தில் தண்ணீர் தேங்க இடமே இல்லை. லேசான மரங்களைக் கயிற்றால் சேர்த்துக் கட்டியிருப்பதால், மேலே ஏறும் அலை இடுக்கு வழியாக வடிந்துவிடும். கவிழ்ந்தாலும் மரம் மிதக்கும், அதைப் பிடித்துக்கொள்ளலாம்.

ஃபைபர் படகில் என்ன சிக்கல்?

2004 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகுகள் வேகமாகப் பெருகின. வேகம், கூடுதல் வலை, கூடுதல் மீன் எனப் பல லாபம். ஆனால் உள்ளே குழிவாக இருப்பதால் தண்ணீர் தேங்கும். தேங்கிய நீர் ஒரு பக்கமாக ஓடி, சாய்ந்த படகை இன்னும் சாய்க்கும். ஃபைபர் தண்ணீரைவிட கனமானது. மிதக்க வைக்க வேறு எதுவும் இல்லாவிட்டால், நிரம்பியதும் மூழ்கிவிடும்.

எவ்வளவு ஃபோம் வேணும்?

எடுத்துக்காட்டாக 600 கிலோ எடையுள்ள ஃபைபர் கூடு தண்ணீருக்குள் சுமார் 200 கிலோவாகத்தான் கனக்கும். 60 கிலோ இன்ஜின் சுமார் 50 கிலோ. ஒரு லிட்டர் ஃபோம் ஏறக்குறைய ஒரு கிலோவைத் தாங்கும். ஆக, படகு மட்டும் மிதக்கவே 250 லிட்டர் வேணும். அதைப் பிடித்துத் தொங்கும் ஆட்களுக்கும், வலைக்கும் இன்னும் கூடுதலாகத் தேவை.

முன்பே நடந்த முயற்சி

1979-ல் சென்னையை மையமாகக் கொண்டு, ஐ.நா. உணவு மற்றும் வேளாண்மை அமைப்பின் வங்காள விரிகுடா திட்டம் தொடங்கியது. துறைமுகம் இல்லாத கரைகளுக்காகவே 'ஐஎன்டி-20' போன்ற படகுகளை அது வடிவமைத்தது. கரையேறும்போது மணலில் இடிக்காதபடி புரொப்பல்லரை மேலே தூக்கிக்கொள்ளலாம்.

படகு வாங்கும் முன் பாருங்க

* ஃபோம் இரண்டு பக்கவாட்டிலும், முன்னும் பின்னும் சமமாக இருக்கா? அடியில் மட்டும் இருந்தால், நீர் நிரம்பும்போது படகு புரண்டுவிடும்.
* வெறும் காற்றறை மட்டும் போதாது. விரிசல் விட்டால் அதிலும் தண்ணீர் புகும்.
* சாதாரண தெர்மாகோல் பெட்ரோல் பட்டால் கரையும்.
* கவிழ்ந்த படகின் அடியில் பிடித்துக்கொள்ள கைப்பிடியோ கயிறோ இருக்கா?
* கரையோரம், ஆழமில்லாத அமைதியான நீரில் படகு நிறைய தண்ணீர் நிரப்பிப் பாருங்க. மூழ்காமல், புரளாமல் நின்றால் நம்பலாம்.

எவ்வளவு நல்ல படகாக இருந்தாலும் லைஃப் ஜாக்கெட் கட்டாயம். கடலில் ஆபத்து என்றால் கடலோர காவல்படையின் கட்டணமில்லா எண் 1554.