செயற்கைப் பல்வேரில் படியும் பாக்டீரியாவை நீக்குதல்: வரலாறு

இழந்த பல்லுக்குப் பதிலாகத் தாடை எலும்பில் பொருத்தப்படும் டைட்டானியம் திருகு, செயற்கைப் பல்வேர் அல்லது இம்ப்ளான்ட் எனப்படுகிறது. இதற்குச் சொத்தை வராது. ஆயினும் இயற்கைப் பல்லைப் போலவே இதன் மீதும் பாக்டீரியாப் படலம் படிகிறது. அதை அகற்றாவிட்டால் ஈறு வீங்கும். நாளடைவில் சுற்றியுள்ள எலும்பு கரைந்து, திருகு ஆடத் தொடங்கும். இப்படலத்தின் தீங்கை உலகம் அறிந்துகொண்டதில் இலங்கைத் தேயிலைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளர்களுக்கும் பங்குண்டு.

படலத்தின் இயல்பு

நெதர்லாந்தைச் சேர்ந்த லீவன்ஹூக், பல்லிடுக்கில் படிந்திருந்த வெண்பொருளை நுண்ணோக்கியில் பார்த்து, அதில் அசையும் நுண்ணுயிர்களைக் கண்டார். 1683இல் அதை லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். இவ்வுயிர்கள் தாம் சுரக்கும் பசைக்குள் கூட்டமாக ஒட்டி வாழ்பவை. குற்றாலத்தில் நீர் வழியும் பாறைகளின் வழுக்கலை இதற்கு ஒப்பிடலாம். நீர் ஓடிக்கொண்டே இருந்தாலும் அவ்வழுக்கல் போகாது, தேய்த்தால்தான் போகும். வாய் கொப்பளிப்பதால் மட்டும் பற்படலம் நீங்காததும் இதனால்தான்.

1965இல் ஹரால்ட் லோ குழுவினர் டென்மார்க்கில் நலமான 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் செய்தனர். மூன்று வாரங்களுக்குள் அனைவருக்கும் ஈறு அழற்சி வந்தது. மீண்டும் துலக்கியதும் நீங்கியது.

தேயிலைத் தோட்ட ஆய்வு

நீண்ட காலம் படலம் நீடித்தால் என்ன ஆகும் என்பதை அறிய, 1970இல் லோ குழுவினர் இலங்கையில் 480 ஆண் தொழிலாளர்களின் வாயைப் பரிசோதித்தனர். அவர்களிடம் முறையான பல் துலக்கும் பழக்கம் இருக்கவில்லை. பல் மருத்துவ வசதியும் எட்டவில்லை. 1986இல் வெளியான முடிவின்படி, ஏறத்தாழ எல்லோருக்கும் ஈறு அழற்சி இருந்தது. ஆனால் பல்லைத் தாங்கும் திசு சுமார் 8 விழுக்காட்டினருக்கு வேகமாகவும், 81 விழுக்காட்டினருக்கு மிதமாகவும் அழிந்தது. 11 விழுக்காட்டினருக்கு நோய் ஈறு அழற்சிக்கு மேல் முற்றவில்லை. படலம் ஒன்றாக இருந்தாலும் உடலின் எதிர்வினை ஆளுக்கு ஆள் வேறுபடும் என்பது இதனால் விளங்கியது. 2010இல் நடந்த மறுபரிசோதனையில் 75 பேரே கிடைத்தனர்.

செயற்கை வேருக்கு வந்த சிக்கல்

டைட்டானியம் எலும்போடு இறுகப் பிணைவதை சுவீடனின் பிரோனமார்க் 1952இல் கவனித்தார். 1965இல் முதல் நோயாளிக்குப் பொருத்தினார். எலும்பு நன்கு பற்றுவதற்காகப் பின்னாளில் திருகின் மேற்பரப்பு சொரசொரப்பாக்கப்பட்டது. ஈறு இறங்கி அப்பரப்பு வெளிப்பட்டால், அதே சொரசொரப்பு பாக்டீரியாவுக்குப் புகலிடமாகிறது.

இயற்கைப் பல்லின் காரையைச் சுரண்டும் எஃகுக் கருவி டைட்டானியத்தில் கீறல் விழச்செய்யும். ஆகவே பிளாஸ்டிக், கார்பன் இழை, டைட்டானியம் ஆகியவற்றாலான கருவிகள் வந்தன. கிளைசின் என்னும் மென்தூளைக் காற்றோடும் நீரோடும் பீய்ச்சுதல், லேசர், குளோரெக்சிடின் கரைசல் ஆகியனவும் பயன்படுகின்றன. திருகின் மரைப் பள்ளங்களை முழுதும் தூய்மையாக்கும் தனி முறை எதுவும் இல்லை. நோய் முற்றினால் ஈற்றைத் திறந்து சுத்தம் செய்ய நேரிடும்.

எனவே படலம் கெட்டிப்படுமுன் நாள்தோறும் துலக்குவதும், இடுக்குத் தூரிகையால் சுத்தம் செய்வதும், குறித்த இடைவெளியில் மருத்துவரிடம் காட்டுவதுமே முதன்மைப் பாதுகாப்பு. முன்பே ஈறு நோயால் பல் இழந்தவர்களுக்கு செயற்கை வேரிலும் நோய் வரும் வாய்ப்பு மிகுதி. அவர்களுக்கு இக்கவனம் கூடுதலாக வேண்டும்.