கதிரை தூக்கியவர்களின் பெயர்கள்

கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் உள்ளவர்கள் இருந்து வாசியுங்கள். கடைசியில் ஓர் உதவி கேட்டிருக்கிறோம், அதையும் பாருங்கள்.

போன தவணை தரம் 10 மாணவி ஒருத்தி வரலாற்றுப் பாடச் செயற்றிட்டத்துக்காக எம்மிடம் வந்தாள். "சேர், சுனாமி நேரம் எங்கட மாமாவும் கழகத்துல இருந்தாராம். அவங்க என்ன செஞ்சாங்கண்டு எங்கயாவது எழுதி இருக்கா?" என்று கேட்டாள். அவளுடைய மாமா இப்போது உயிரோடு இல்லை. வெளிநாட்டில் வேலை செய்யும் இடத்திலேயே மௌத்தானவர். அவள் அவரைப் படத்தில்தான் பார்த்திருக்கிறாள்.

"இருக்கும் பிள்ளை, தேடித் தாறோம்" என்று சொல்லிவிட்டோம். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விடயம்தானே, எங்காவது எழுதி வைத்திருப்பார்கள் என்று நினைத்தோம். கழகத்தின் அலுமாரியைத் திறந்தால் கூட்டறிக்கைப் புத்தகங்களில் பாதி கறையானுக்குப் போயிருந்தது. மிஞ்சியது ஓர் அல்பம். அதில் 2005ஆம் ஆண்டுக்கு ஒரேயொரு படம்: தோணி கையளிப்பு. முன்வரிசைக் கதிரைகளில் அதிதிகள் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களின் பெயர், பதவி எல்லாம் தட்டச்சு செய்து கீழே ஒட்டப்பட்டிருக்கிறது. பின்னால் பதாகையைப் பிடித்துக்கொண்டு பொடியன்மார் ஒன்பது பேர் நிற்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கும் பெயர் இல்லை.

அந்தப் படத்தைப் பார்த்த நாளிலிருந்து ஒரு கேள்வி எம்மை விடவில்லை. வாலிபர் கழகம் என்று பெயர் வைக்கிறோம். அதில் வாலிபர்களின் இடம் எது?

இதற்கு எமது சமூகத்தின் வரலாற்றிலேயே நல்ல விடை இருக்கிறது. தேட வேண்டிய இடம் கல்முனை. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு போட்டன. அரிசி வரத்துக் குறைந்து, நெல் விளைச்சலைக் கூட்ட வேண்டிய அவசரம் வந்தது. அதற்காகக் கல்முனைக்கு அனுப்பப்பட்ட அரச அதிகாரி ஏ.எம்.ஏ. அஸீஸ். 1911இல் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்தவர், இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம். கல்முனைக்கு வரும்போது அவருக்கு வயது 30. இன்று எமது ஊர்க் கழகத்தில் அந்த வயதில் ஒருவர் தலைவராக வர ஆசைப்பட்டால், "இன்னும் கொஞ்சம் பொறுங்க தம்பி" என்றுதான் சொல்லுவோம்.

வந்த வேலை நெல் வேலை. ஆனால் வயல் வழியே போனவரின் கண்ணில் பட்டது, படிக்க முடியாமல் நின்ற பிள்ளைகள். சுவாமி விபுலானந்தரோடும் காத்தான்குடிக் கவிஞர் அப்துல் காதர் லெவ்வையோடும் அங்கே அவருக்குப் பழக்கம் ஏற்பட்டது. அதே 1942இல் கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் உருவானது. ஓர் ஊரில் தொடங்கிய அந்த யோசனை 1945இல் நாடு முழுவதற்குமான இலங்கை முஸ்லிம் புலமைப்பரிசில் நிதியமாக வளர்ந்தது. 1948இல் சிவில் சேவையை விட்டுவிட்டு கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபரானார். அந்தக் காலத்தில் சிவில் சேவைப் பதவியை விட்டு ஒருவர் பாடசாலைக்கு வருவது என்பது இன்றைக்கு நினைத்தாலும் நம்ப முடியாத காரியம்.

1950இல் அவர் முன்னின்று அகில இலங்கை வை.எம்.எம்.ஏ. பேரவையைத் தொடக்கினார். வாலிபர் சங்கம் என்ற வடிவம் புதியதல்ல. 1844இல் லண்டனில் கிறிஸ்தவ வாலிபர்களுக்கு வை.எம்.சி.ஏ. வந்தது. 1898இல் கொழும்பில் பௌத்த வாலிபர்களுக்கு வை.எம்.பி.ஏ. வந்தது. எமது ஆட்களும் அதைப் பார்த்துச் செய்தார்கள், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் பேரவை என்ற அமைப்பைக் கவனிக்க வேண்டும். கொழும்பில் ஒரு பெரிய சங்கம், ஊர்களில் அதற்குக் கைதட்டும் ஆட்கள் என்று அது அமையவில்லை. ஊருக்கு ஊர் சங்கம், அதற்கென்று சொந்தத் தலைவர், செயலாளர், தனாதிகாரி, சொந்தக் கணக்கு. அவை சேர்ந்து பேரவை. ஒரு சின்ன ஊரின் வாலிபன் கூட்டறிக்கை எழுதவும் கணக்கு வாசிக்கவும் சபையில் எழுந்து மறுத்துப் பேசவும் அங்கே இடம் இருந்தது.

அஸீஸைப் பற்றி இவ்வளவும் எமக்கு எப்படித் தெரியும்? அவர் எழுதினார், சங்கங்களும் எழுதி வைத்தன. 'இலங்கையில் இஸ்லாம்' என்ற நூலை 1963இல் வெளியிட்டார். ஆபிரிக்கா போய்வந்து அதையும் எழுதினார். 1973இல் அவர் மறைந்து அரை நூற்றாண்டு கடந்த பின்னும் தரம் 10 பிள்ளைக்கு அவரைப் பற்றிச் சொல்ல எம்மிடம் ஆண்டும் இடமும் இருக்கின்றன. 2005இல் பதாகை பிடித்தவனைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

வெளிநாட்டுச் சேவைக் கழகங்களையும் கொஞ்சம் பார்ப்போம். எமது பாடசாலைகளில் லியோ, இன்டரக்ட் என்று சின்னம் குத்திக்கொண்டு திரியும் பிள்ளைகளுக்கே அவற்றின் கதை தெரியாது.

ரோட்டரி 1905இல் சிகாகோவில் நாலு பேரோடு தொடங்கியது. ஒவ்வொருவர் அலுவலகத்திலும் மாறி மாறிக் கூடியதால் அந்தப் பெயர் வந்தது. அவர்கள் 1907இல் கையில் எடுத்த முதல் பொதுச் சேவை, நகர மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு பொதுக் கழிப்பறை. இதை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். சந்தைக்கு வரும் பெண்கள் எங்கே போவார்கள் என்று கேட்டால் சிரிப்பு நின்றுவிடும். 1911இல் ஸ்தாபகர் போல் ஹரிஸ் ஒரு கட்டுரை எழுதினார். எல்லாக் கழகங்களுக்கும் தபாலில் அனுப்ப முடியாத அளவுக்கு அது நீளம். செயலாளர் செஸ்லி பெரி அதற்காகவே ஒரு சஞ்சிகை தொடங்கினார். அந்தச் சஞ்சிகை இன்றும் வருகிறது.

ஆனால் இவை எல்லாம் பெரியவர்களின் கழகங்கள். பிள்ளைகளுக்கு வழி திறந்தது 1957 டிசம்பரில், அமெரிக்காவின் பென்சில்வேனியாவில். அபிங்டன் உயர் பாடசாலையில் பேஸ்போல் பயிற்றுவிப்பாளராக இருந்த ஜிம் கிரேவர் லயன்ஸ் கழக உறுப்பினர். அவரும் இன்னொரு உறுப்பினரான வில்லியம் ஏர்ன்ஸ்டும் சேர்ந்து மாணவர் கழகம் ஒன்றைத் தொடக்கினார்கள். 35 மாணவர்கள் சேர்ந்தார்கள். அதுதான் முதல் லியோ கழகம். லியோவின் நிறமான மெரூனும் பொன்னிறமும் அந்தப் பாடசாலையின் நிறங்கள். 1967இல் லயன்ஸ் அதைத் தன் உலகத் திட்டமாக ஏற்றுக்கொண்டது. ரோட்டரி 1962இல் புளோரிடாவில் 23 மாணவர்களோடு இன்டரக்டையும், 1968இல் வட கரோலைனாவில் ரோட்டரக்டையும் ஆரம்பித்தது.

இந்தக் கழகங்களில் பிள்ளைகளே தலைவரைத் தெரிவு செய்கிறார்கள். பதினாறு வயதுப் பிள்ளைதான் செயலாளர், அறிக்கை எழுதுவதும் அந்தப் பிள்ளைதான். ஆசிரியர் பக்கத்தில் இருப்பார், பேனையைப் பிடிக்க மாட்டார். (பிடிக்கும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். நாமும் சில தடவை பிடித்திருக்கிறோம். அறிக்கை அழகாக வந்தது, அடுத்த வருடம் எழுத ஆள் இல்லாமல் போனது.)

அவர்களும் எல்லாவற்றையும் சரியாகச் செய்தவர்கள் அல்ல. ரோட்டரக்ட் தொடங்கி ஐம்பது வருடம் கழிந்து, 2019இல்தான் ரோட்டரி அந்த இளைஞர்களைத் தன் அங்கத்தவர் என்ற கணக்கில் சேர்த்தது. பெண்கள் விடயம் இதைவிட மோசம். கலிபோர்னியாவில் டுவார்டே என்ற சின்ன ஊரின் ரோட்டரிக் கழகம் மூன்று பெண்களைச் சேர்த்தது. அதற்காக 1978இல் அந்தக் கழகத்தையே வெளியேற்றினார்கள். அவர்கள் கலைந்து போகவில்லை. தமது சின்னத்தின் மேல் 'எக்ஸ்' குறி போட்டு அணிந்துகொண்டு, வழக்கை அமெரிக்க உயர் நீதிமன்றம் வரை கொண்டுபோய் 1987இல் வென்றார்கள். அதே வருடம் அந்தக் கழகத்துக்குத் தலைவியாக வந்த சில்வியா விட்லொக் ஒரு பாடசாலை அதிபர். ஆசிரியர் என்ற வகையில் எமக்கு அதில் ஒரு சின்னச் சந்தோசம்.

இனி ஊருக்கு வருவோம்.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். நாம் அப்போது தரம் 9. அன்றைக்கு நடந்ததை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் வாசிக்கும் சிலருக்குத் தாங்காது, எமக்கும்தான். அடுத்த நாட்களில் ஜனாஸாக்களைத் தேடி எடுத்தவர்கள், முகாமில் பால்மா பங்கிட்டவர்கள், சட்டி கழுவியவர்கள் எல்லாம் கழகத்துப் பொடியன்மார் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். பள்ளிவாசல் வளவில் மூன்று நேரமும் சமைத்தவர்கள் எமது உம்மாமாரும் தாத்தாமாரும். அவர்களுக்கு அந்தத் தோணிப் படத்தில் பதாகை பிடிக்கும் இடம் கூடக் கிடைக்கவில்லை.

மாணவியின் கேள்விக்கு விடை கடைசியில் ஒரு சி.ஆர். கொப்பியில் கிடைத்தது. அப்போது கழகத்தின் உதவிச் செயலாளராக இருந்த பொடியனின் உம்மா அதைத் துணிப்பெட்டிக்குள் வைத்திருந்தா. "மகன்ட எழுத்து, எறிய மனமில்ல" என்றா. அந்தப் பொடியனுக்கு அப்போது வயது 19.

கொப்பியில் இருந்தது கிணறு. ஒவ்வொரு பக்கமும் கோடு போட்டு, வீட்டுக்காரர் பெயர், திகதி, எத்தனை தரம் இறைத்தது, யார் யார் இறைத்தது, தண்ணி எப்படி என்று எழுதப்பட்டிருந்தது. 'உப்பு', 'கொஞ்சம் உப்பு', 'குடிக்கலாம்' என்று மூன்றே மூன்று அளவுகோல். கருவி ஒன்றும் இல்லை, நாக்குத்தான். மாணவியின் மாமாவின் பெயர் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. தண்ணீர்ப் பம்பியைத் தூக்கிப் போனவர் அவர்தான் போலிருக்கிறது.

பெப்ரவரி மாதப் பக்கம் ஒன்றின் ஓரத்தில் சிவப்புப் பேனையால் ஒரு குறிப்பு: கூட இறைச்ச கிணறுதான் கூட உப்பு, இனி ஒரு தரம் மட்டும்.

இது சின்ன விடயம் அல்ல. எமது கரையோர மணலுக்குள் நன்னீர், உப்புநீருக்கு மேலே ஒரு மெல்லிய படையாகத்தான் நிற்கிறது. கடல் புகுந்த கிணற்றை இறைத்துக்கொண்டே போனால் நல்ல தண்ணி ஊறும் என்று எல்லோரும் நினைத்தார்கள். உண்மையில் அளவுக்கு மீறி இறைத்தால் கீழே இருக்கும் உப்பு மேலே ஏறும். சுனாமிக்குப் பிறகு கிழக்குக் கரையில் கிணறுகளை ஆராய்ந்த நீரியல் நிபுணர்களும் இதையேதான் சொன்னார்கள். உயர்தரம் எழுதிவிட்டு வீட்டில் இருந்த பொடியன் ஒருவன் வரி வரியாக எழுதி வந்ததால் அதைத் தானாகக் கண்டுபிடித்திருக்கிறான். கூட்டறிக்கையில் அது இல்லை. அல்பத்திலும் இல்லை.

கொப்பியின் கதையைக் கழகத்தின் மூத்த காக்கா ஒருவரிடம் சொன்னோம். "செஞ்ச நன்மைய எழுதி வைக்கிறது பெருமை தம்பி, அது அல்லாஹ்வுக்குத் தெரிஞ்சா போதும்" என்றார். மரியாதைக்குரிய மனிதர். அந்த நாட்களில் அவரும் தூங்காமல் நின்றவர். அவர் சொல்வதில் பாதியை ஏற்கிறோம். உலர் உணவுப் பொதியைக் கொடுக்கும்போது ஏழையின் முகத்தைப் படம் பிடித்துப் போடும் இன்றைய வழக்கம் எமக்கும் பிடிக்காது, அது நிற்க வேண்டும். ஆனால் எந்தக் கிணறு எத்தனை தரம் இறைத்தது என்று எழுதுவது பெருமையா? கடன் கொடுத்தால் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லும் வசனம்தானே குர்ஆனிலேயே மிக நீளமானது. அவரிடம் இன்னொன்றும் கேட்டோம்: பெருமை என்றால், அதிதிகளின் பெயரை மட்டும் ஏன் காக்கா தட்டச்சு செய்து ஒட்டினீர்கள்? அவர் சிரித்துவிட்டார். கோபித்திருந்தாலும் நியாயம்தான்.

"இந்தக் காலத்துப் பொடியன்மார் கழகத்துக்கு வாறானுகள் இல்ல, போனோடதான்" என்பது ஒவ்வொரு வருடாந்தக் கூட்டத்திலும் வரும் பேச்சு. கடந்த வருட மருத்துவ முகாமை நினைத்துப் பாருங்கள். சுபஹ் தொழுத கையோடு கதிரை அடுக்கியவர்கள், கூடாரம் கட்டியவர்கள், துண்டு கொடுத்து வரிசை ஒழுங்கு செய்தவர்கள் எல்லோரும் பாடசாலைப் பிள்ளைகள். நிர்வாகத்தில் நாற்பது வயதுக்குக் குறைந்தவர் ஒருவரும் இல்லை. முகாம் பற்றிய அறிக்கை எழுதுங்கள் என்று அந்தப் பிள்ளைகளில் யாரையும் கேட்கவில்லை. பிள்ளைகள் வந்தார்கள், கதிரை தூக்கினார்கள், போனார்கள். அடுத்த முறை சிலர் வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல எமக்கு வாய் வரவில்லை.

வருகிற வருடாந்தக் கூட்டத்தில் இரண்டு பிரேரணை கொண்டுவர இருக்கிறோம். உதவிச் செயலாளர் பதவி 21 வயதுக்கு உட்பட்ட ஒருவருக்கு, ஆணோ பெண்ணோ. ஒவ்வொரு வேலை முடிந்ததும் அதில் உழைத்த எல்லோரின் பெயரோடும் ஒரு பக்கம் எழுதப்பட வேண்டும். வழிமொழிய ஆள் தேவை, முன்வருவோர் எமக்கு உட்பெட்டியில் எழுதுங்கள்.

இனி, கேட்பதாகச் சொன்ன உதவி. கொப்பியை வைத்துக்கொண்டு தோணிப் படத்தில் நிற்கும் ஒன்பது பேரில் ஆறு பேரை மாணவிகள் அடையாளம் கண்டுவிட்டார்கள். மாமா இடமிருந்து இரண்டாவது. அவரைக் கண்டதும் அந்தப் பிள்ளை ஒன்றும் பேசவில்லை, படத்தைத் தன் போனில் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இன்னும் மூன்று பேர் பாக்கி. ஐந்தாவதாக நிற்பவர் தொப்பி போட்டவர், இடது கையில் கட்டுப் போட்டிருக்கிறார். ஏழாவது ஆள் மற்றவர்களை விடச் சின்னப் பொடியன், காற்சட்டை. கடைசியில் நிற்பவரின் முகம் பாதிதான் தெரிகிறது, பதாகையின் கயிறு அவர் கையில். படத்தைக் கழகத்தின் முன்கதவில் ஒட்டியிருக்கிறோம். வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு மாணவிகள் கொப்பியோடு அங்கே இருப்பார்கள். தெரிந்தவர்கள் வந்து பெயரைச் சொல்லுங்கள்.