வைராக்கியம்

வடமொழியில் 'ராகம்' என்றால் நிறம், பற்று. பற்று நீங்கிய நிலை 'விராகம்'. அதன் வழி வந்தது வைராக்கியம். மனத்தை அடக்கப் பதஞ்சலியின் யோக சூத்திரம் சொல்லும் வழிகள் இரண்டு: இடைவிடாப் பயிற்சி, வைராக்கியம். அங்கே அது ஆசையை விடுவது. தமிழ்ப் பேச்சிலோ, ஒன்றை விடாமல் பிடித்திருப்பது. "வைராக்கியமா இருந்து மகளை டாக்டருக்குப் படிக்க வச்சா" என்கிறோம். பழைய பொருளும் இதற்குள் உயிரோடு இருப்பதாகவே நினைக்கிறேன். அந்த ஒரு குறிக்கோளுக்காக அந்தத் தாய் நல்ல புடவை, நகை, ஊர்த் திருவிழா என்று எத்தனை ஆசைகளை விட்டிருப்பாள்!

நிலைக்காத உறுதிக்கும் பெயர் உண்டு: பிரசவ வைராக்கியம், மயான வைராக்கியம். முன்னது வலி தணியும் வரை. பின்னது சுடுகாட்டிலிருந்து வந்து தலை முழுகும் வரை.